நாலு விரல் உயரம்

பரீட்சைக்கு முதல் நாள் புத்தகத்தைத் தொடக் கூடாது என்பது அவளுடைய அப்பா போட்ட சட்டம். மற்ற அப்பாக்கள் அன்றைக்குத்தான் பிள்ளைகளைப் பிடித்து உட்கார வைத்து உயிரை எடுப்பார்கள். இந்த மனிதரோ பத்தாம் வகுப்பிலிருந்தே மகளை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு ஊர் சுற்றக் கிளம்பிவிடுவார். ஊர் சுற்றுவது என்றால் பூங்கா, கடைத்தெரு என்று நினைத்துவிட வேண்டாம். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி மொட்டை மாடி, வங்கிக் கட்டடத்தின் மெஷின் ரூம், கிரீஸ் வாடை, கொறித்துக்கொள்ள ஒரு பொட்டலம் கடலை. அவருக்குத் தெரிந்த உல்லாசப் பயணம் அவ்வளவுதான். "கடைசி நாள்ல படிக்கிறதும், உள்ள ஆள் நிக்கும்போது கயிறு மாத்துறதும் ஒண்ணுதான் பாப்பா" என்பார்.

வீட்டில் அவளுக்குப் பெயர் பாப்பா. இருபத்து மூன்று வயதாகி, பிசியோதெரபி படிக்கக் கடல் தாண்டி வந்து, தன்னைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள கிழவர்களின் முழங்காலை மடக்கி நீட்டப் பழகிய பிறகும் பாப்பாதான். அவள் படித்த ஊர் சின்ன ஊர். படிப்பை முடித்தவர்கள் வேலை பார்க்க வேண்டுமானால் உரிமத் தேர்வு எழுத வேண்டும். அதைத் தலைநகரத்தில் மட்டும்தான் நடத்துவார்கள், வருடத்துக்கு இரண்டே முறை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது வர ஆறு மாதம். அந்த ஆறு மாதம் அங்கே தங்க அவளுக்கு விசா கிடையாது. அந்தத் தேர்வு நாளைக் காலை ஒன்பது மணிக்கு.

அதனால் இன்றைக்கு அப்பாவின் சட்டப்படி அவள் ஊர் சுற்ற வேண்டிய நாள். ஸ்கூட்டரும் இல்லை, அப்பாவும் பக்கத்தில் இல்லை என்பதற்காகச் சட்டம் மாறிவிடுமா? போன ஞாயிற்றுக்கிழமையே அவர் குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். தலைநகரத்தில் பார்க்க வேண்டிய இடங்களை இணையத்தில் தேடிக் கண்டுபிடித்து வைத்திருந்தார். ஒன்று, தரைக்கடியில் ஓடும் ரயில் நிலையத்தின் நீளமான எஸ்கலேட்டர். இரண்டு, பழைய தபால் தலைமையகத்தில் நூறு வருஷமாக ஓடும் மர லிஃப்ட். மூன்றாவது அவளுடைய இஷ்டம். ஆறு, அரண்மனை என்று எதை வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம், அதில் தனக்கு ஒரு வேலையும் இல்லை என்று சொல்லியிருந்தார். எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு.

முதல் ரயிலைப் பிடித்து ஒன்பது மணிக்கு வந்து இறங்கினாள். மழை என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. குடை பிடித்தால் வெட்கமாக இருந்தது, பிடிக்காவிட்டால் நனைந்தது. ஒரு ராத்திரிக்கு எடுத்திருந்த விடுதியில், மேஜைக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்காமலே சாவி அட்டையை நகர்த்தினார். நான்காவது மாடி அறையில் ஒரு கட்டில், ஒரு கொக்கி, சுவரைப் பார்த்த ஒரு ஜன்னல். பையைப் போட்டுவிட்டுக் கீழே இறங்கும்போது லிஃப்டுக்குள் இருந்த தகட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். ஆறு பேர், நானூற்று ஐம்பது கிலோ.

பதில் உடனே வந்தது. "சூப்பர் பாப்பா. நல்லா சுத்திப் பாரு. கவலைப்படாம எக்ஸாம் எழுது."

அவளுக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. வழக்கமான அப்பாவாக இருந்தால் கடைசியாக எப்போது சோதனை செய்தார்கள் என்று தேதி கேட்டிருப்பார். போகட்டும், தொண்டை சரியில்லாத மனிதர். செவ்வாய்க்கிழமையிலிருந்தே அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது, பேசவே கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று அம்மா சொல்லியிருந்தாள். ஒற்றை விரலால் தட்டுவது பிடிக்காமல் எதையும் குரலிலேயே அனுப்பும் மனிதர் நான்கு நாளாக எழுதித்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். வீடியோவில் கூப்பிட்டால் நெட் சரியில்லை. அவளும் தேர்வு மும்முரத்தில் துருவிக் கேட்கவில்லை.

எஸ்கலேட்டர் அப்பா சொன்னது போலவே கீழ்முனை கண்ணுக்குத் தெரியாத நீளம். கீழே போய்ச் சேர இரண்டு நிமிடம் பத்து வினாடி ஆயிற்று. முழுவதையும் வீடியோ எடுத்தாள். நடுவழியில் ஒருவர் பின்னாலிருந்து முழங்கையால் இடித்து, அவளைத் தள்ளாத குறையாகத் தாண்டி ஓடினார். நிற்பவர்கள் ஒரு பக்கம், ஓடுபவர்கள் ஒரு பக்கம் என்பது அங்கே எழுதாத விதி. அவள் ஓடும் பக்கத்தில் நின்றிருந்தாள். பின்னால் வந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்த பார்வை, வீட்டுக்குள் செருப்புக் காலோடு வந்தவளைப் பார்ப்பது போல இருந்தது. வீடியோவுக்குப் பதிலாக மூன்று கட்டைவிரல் படங்கள் வந்தன.

ஆற்றங்கரைக்கு நடந்தாள். பெஞ்சுகள் எல்லாம் ஈரம். ஒரு ஜோடி அவளை நிறுத்திப் போட்டோ எடுத்துத் தரச் சொன்னது. இவளும் குனிந்து நிமிர்ந்து நான்கு எடுத்துக் கொடுத்தாள். உனக்கு ஒன்று எடுத்துத் தரட்டுமா என்று கேட்பார்கள் என்று ஒரு நொடி நின்றாள். அவர்கள் நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். இந்த ஊரில் யாரும் கெட்டவர்கள் இல்லை, யாருக்கும் இவள் தேவைப்படவும் இல்லை, அவ்வளவுதான்.

அரண்மனைக்குப் போனால் அங்கே அரண்மனையே இல்லை. பழுது பார்க்கிறார்களாம். கட்டடம் முழுவதையும் சாரம் கட்டி மூடி, அதன்மேல் அரண்மனையின் படத்தையே அச்சடித்த பெரிய துணியைத் தொங்கவிட்டிருந்தார்கள். காற்றடித்தபோது ஜன்னல்களும் தூண்களும் சேர்ந்து உப்பிச் சுருங்கின. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து வந்த முதல் சிரிப்பு. அப்பா இதைப் பார்த்தால் வாரம் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார் என்று, துணியின் ஓரக் கயிறும் இரும்புக் குழாயும் நன்றாகத் தெரியும்படி எடுத்து அனுப்பினாள்.

"ரொம்ப அழகா இருக்கு பாப்பா. அந்தக் காலத்து ராஜாங்க ராஜாங்கதான்."

போனைப் பார்த்துக்கொண்டு தூறலில் நின்றாள். கண்ணாடி போடாமல் பார்த்திருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். ஆனாலும் அனுப்பிய படத்தைத் தானே ஒரு தடவை பெரிதாக்கிப் பார்த்தாள்.

பழைய தபால் தலைமையகம் இப்போது அருங்காட்சியகம். உள்ளே ஈரக் கோட்டுகளின் வாடையும் பழைய காகித வாடையும் கலந்து கிடந்தன. மர லிஃப்ட் கூடத்தின் கடைசியில் இருந்தது. வார்னிஷ் போட்ட கதவு, பித்தளைக் கைப்பிடி, உள்ளே ஒரு மடக்கு ஸ்டூல். ஸ்டூலில் சீருடை போட்ட ஓர் அம்மாள், மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் மாட்டித் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கைப்பிடியைத் திருப்பி ஏற்றி இறக்குவது அவள் வேலை. பெட்டி வந்து நின்றபோது தரைக்குச் சமமாக நிற்கவில்லை, நாலு விரல் மேலே நின்றது. அந்த அம்மாள் அதைப் பொருட்படுத்தாமல், பார்த்துக் காலை வை என்று கையால் காட்டினாள்.

அவள் ஏறவில்லை. குனிந்து அந்த இடைவெளியின் பக்கத்தில் தன் நாலு விரலையும் வைத்துப் போட்டோ எடுத்தாள்.

ஒரு விரல் உயரம் தப்பினாலே அப்பாவுக்கு உடம்பு பதறும். சொந்தக்காரர் ஒருவரின் கல்யாணத்தில் மண்டபத்து லிஃப்ட் இரண்டு விரல் தாழ்ந்து நின்றது. பட்டு வேட்டியோடு அப்பா அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். மாப்பிள்ளை வீட்டார் மூன்று மாடி படியேறி மூச்சு வாங்கிக்கொண்டு போனார்கள். மாப்பிள்ளையின் மாமா, இவர் யார், எங்களை ஏறவிடாமல் தடுக்க என்று சண்டைக்கே வந்துவிட்டார். அப்பா அசையவில்லை. "இன்னிக்கி மட்டம் தப்புனா நாளைக்கு பிரேக்கு தப்பும்" என்று சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். அம்மாவுக்கு மானமே போய்விட்டது. தொண்டை கட்டியிருந்தாலும், ஏன், தொண்டையே இல்லாவிட்டாலும், இந்தப் போட்டோவைப் பார்த்தால் அந்த மனிதர் அடுத்த நொடி கூப்பிடுவார். ஏறாதே என்பார். உள்ளே இருக்கிற அம்மாளை வெளியே கூப்பிடு என்பார். மேலாளர் எங்கே என்று கேட்பார்.

அவள் அனுப்பினாள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு டிக்கும் நீலமாயின.

"செம லிஃப்ட் பாப்பா. மேல போயி ஒரு போட்டோ எடுத்து அனுப்பு."

பக்கத்தில் இருந்த மர பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பாப்பா என்று கூப்பிடுவதைக்கூட மறக்காமல்தான் எழுதியிருந்தான். எழுதியது யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அண்ணன்தான். மருந்துக் கம்பெனியில் விற்பனைக்குப் போகிறவன். லிஃப்டைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது பொத்தானை அமுக்குவது மட்டும். அப்பா எத்தனையோ தடவை கூப்பிட்டும் அவன் ஒரு நாளும் அந்த ஸ்கூட்டரில் ஏறியதில்லை.

பரீட்சை நேரத்தில் கெட்ட செய்தி எதுவும் அந்த வீட்டு வாசற்படியைத் தாண்டாது. அதுவும் அப்பா போட்ட சட்டம்தான். அண்ணன் வெளியூர் விடுதியில் தங்கிக் கடைசி வருடப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது, வீட்டில் அவர்களோடு இருந்த அத்தை ஒரு காலை நேரத்தில் சமையலறையில் விழுந்து, விழுந்த இடத்திலேயே போய்விட்டாள். இன்னும் மூன்று பரீட்சை பாக்கி. அவனுக்குச் சொல்லக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். பெரியவர்கள் யாருக்கும் குரல் சரியில்லாததால், ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்த இவளைத்தான் போனை எடுக்க வைத்தார்கள். அத்தை எங்கே என்று அவன் கேட்டபோதெல்லாம் அவள் வாயில் வந்தது ஒரே பொய்தான். "அத்தை குளிக்கப் போயிருக்காங்கண்ணா."

பரீட்சை முடிந்து வந்தவன் கையில் அத்தையின் வெடிப்பு விழுந்த குதிகாலுக்காக வாங்கிய ரப்பர் செருப்பு இருந்தது. விஷயம் தெரிந்ததும் அவன் அழவில்லை. செருப்பை வாசலில் ஜோடியாக வைத்துவிட்டு இவள் பக்கம் திரும்பினான். "ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தன தடவடி குளிப்பாங்க?" என்று கேட்டான். ஒரு மாதம் இவளோடு பேசவில்லை. பேச ஆரம்பித்த அன்றைக்கு எல்லாரையும் உட்கார வைத்து, இனிமேல் இந்த வீட்டில் யாரும் யாருக்கும் இப்படிச் செய்யக் கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கினான். அவனேதான் இப்போது அப்பாவின் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அவளுக்குக் கோபம் வந்தது. என் அப்பாவை என்னிடமிருந்து ஒளித்து வைக்க நீங்கள் யார்? அந்தக் கோபத்துக்கு அடியில் ஒரு சின்ன ஆசையும் ஓடியது. ஆஸ்பத்திரியாக இருக்கலாம். நெஞ்சு வலி என்று சேர்த்திருக்கலாம், கண் விழித்துவிட்டார் என்று நாளைக்குச் சொல்லலாம். அப்படியும் நடப்பதுதானே?

அம்மாவைக் கூப்பிட்டாள். இரண்டு தடவை எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தாள். குரல் கரகரத்தது. அப்பாவிடமிருந்து ஒட்டிக்கொண்டது, எனக்கும் தொண்டை என்றாள். அங்கே அப்போது சாயங்காலம். பின்னால் இரும்பு மடக்கு நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கும் சத்தம் கேட்டது. இவள் என்ன சத்தம் என்று கேட்கவில்லை. அம்மாவாகவே, எதிர் வீட்டில் ஏதோ விசேஷம் என்றாள். எதிர் வீடு பூட்டிக் கிடந்து ஒரு வருடம் ஆகிறது.

நாளைக்கு எத்தனை மணிக்குப் பரீட்சை என்று அம்மா கேட்டாள். இவள் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து அதையே மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னாள்.

"நல்லா எழுதிடும்மா. அப்பா அதத்தான் சொல்லிட்டே..." என்று ஆரம்பித்தவள் இருமினாள். இருமல் நிற்க வெகு நேரமாயிற்று. "அப்பா அதத்தான் சொல்லிட்டே இருக்காங்க."

கேட்டிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் நான்கு நாளாக அம்மா இந்த ஒரு பொய்யைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று அவளுக்குப் புரிந்தது. இதையும் பிடுங்கிவிட்டால் அந்த வீட்டில் அவள் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்? சரிம்மா, வெந்நீர் குடி என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

அப்பாவின் கடைசிக் குரல் பதிவைத் தேடி எடுத்தாள். திங்கட்கிழமை வந்தது, நாற்பத்தொரு வினாடி. காதோடு ஒட்டி வைத்துக்கொண்டாள். முதலில் தெருவில் போகும் வண்டிச் சத்தம். பிறகு, "பாப்பா, அந்த மர லிஃப்டு பழசு, ஞாபகம் வச்சுக்கோ. கதவு திறந்த உடனே கால வச்சிடாத. மொதல்ல கீழ பாரு. பெட்டி வந்திருக்கா, மட்டமா நிக்குதா, பாத்துட்டு அப்புறம் வை. எத்தன பேரு பாக்காம கால வச்சுட்டுப் போயிருக்கான். சரி, சாப்ட்டியா?" அவ்வளவுதான். சாப்பிட்டியா என்பதற்கு அவள் அன்றைக்குப் பதிலே அனுப்பவில்லை. படித்துக்கொண்டிருந்தாள்.

எத்தனை முறை கேட்டாள் என்று தெரியவில்லை. கூடத்தில் ஆட்கள் குறைந்துவிட்டார்கள். ஜன்னலுக்கு வெளியே நாலு மணிக்கே வெளிச்சம் தேய்ந்துகொண்டிருந்தது. லிஃப்ட்கார அம்மாள் இரண்டு தடவை மேலே போய்விட்டு வந்து, ஒன்றும் கேட்காமல் இவளைப் பார்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

அவள் அப்பாவின் எண்ணுக்கே எழுதினாள். "அண்ணா, எந்த ஆஸ்பத்திரி?"

நீல டிக் விழுந்தது. எழுதுகிறான் என்று காட்டியது. நின்றது. மறுபடியும் எழுதுகிறான். நின்றது. இவள் ஏதாவது ஓர் ஆஸ்பத்திரியின் பெயருக்காகக் காத்திருந்தாள். சின்ன ஆஸ்பத்திரி, பெரிய ஆஸ்பத்திரி, எதுவாக இருந்தாலும் சரி. ஒரு பெயர் வந்தால் போதும், இன்றைக்கு ராத்திரி தூங்கிவிடுவாள், நாளைக்கு எழுதிவிடுவாள்.

ஐந்து நிமிடம் கழித்து வந்தது. "மொதல்ல எக்ஸாம எழுதிடு. முடிச்சிட்டு என்னக் கூப்பிடு. உன்னக் கெஞ்சிக் கேக்கறேன்."

பெயர் இல்லை. ஆஸ்பத்திரி என்றால் பெயர் சொல்லியிருப்பான். அண்ணன் யாரையும் கெஞ்சுகிறவன் இல்லை.

அவள் அழுதாள். சத்தமில்லாமல், மூக்கைத் துடைக்கக் கைக்குட்டைகூட இல்லாமல், ஈரக் கோட்டின் கையிலேயே துடைத்துக்கொண்டு அழுதாள். இந்த ஊரில் அழுவதில் ஒரு சௌகரியம், யாரும் ஏன் என்று கேட்பதில்லை. நாற்காலிகளைக்கூட அடுக்கியாகிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் வந்து போய்விட்டார்கள். இனி ஓடினாலும் பார்க்க அங்கே அப்பாவின் முகம் இல்லை. அதற்காக அம்மாவையும் அண்ணனையும் மன்னிக்க முடியும் என்று தோன்றவில்லை. அன்றைக்கு அண்ணன் வாசலில் செருப்பை வைத்துவிட்டு நின்ற நிலை இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருடமாக, வருத்தப்பட்டான் என்று மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

அங்கே, அப்பாவின் போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் இவளுடைய பதிலுக்காகக் காத்துக்கொண்டிருப்பான். பக்கத்து அறையில் அம்மா இருப்பாள். அவனும் பாவம். இவள் ஒன்று எழுதினாள், அழித்தாள். வேறு எழுதினாள், அழித்தாள். கடைசியில் எழுதியதை அழிக்கவில்லை.

"சரிண்ணா. எழுதுறேன். அப்பா குளிக்கப் போயிருக்காங்களா?"

நீல டிக் விழுந்தது. இந்தத் தடவை எழுதுகிறான் என்று காட்டவே இல்லை. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். எஸ்கலேட்டர் கீழே போய்ச் சேரும் நேரம் ஆயிற்று. அப்புறம் ஒற்றை வார்த்தை வந்தது.

"ஆமாடி."

அப்பா ஒரு நாளும் அவளை டி போட்டுக் கூப்பிட்டதில்லை. அப்பாவின் போனிலிருந்து, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில், அண்ணன் தன் குரலிலேயே பேசியிருந்தான். நான்கு நாளில் அந்த எண்ணிலிருந்து வந்த ஒரே உண்மை அதுதான்.

மூடும் நேரம் என்று யாரோ மணி அடித்தார்கள். லிஃப்ட்கார அம்மாள் எழுந்து, கடைசி நடை, மேலே வருகிறாயா என்று கையால் கேட்டாள். மேலே போய் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி அண்ணன் கேட்டிருந்தான். அவள் எழுந்து போனாள். கதவு திறந்தே இருந்தது. அவள் உடனே காலை வைக்கவில்லை. முதலில் கீழே பார்த்தாள். பெட்டி வந்திருந்தது. நாலு விரல் மேலேதான் நின்றது. எட்டிக் காலைத் தூக்கி வைத்தாள்.